கார் வருவதற்கு முன்பே

வியாழன், இரவு.

மதியம் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேட்டில் அவர் வாட்ச்மேன். அறுபது தாண்டிவிட்டது. நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்துகொண்டிருந்தார். கேட்டில் யாருமே இல்லை.

"இன்னாயா, யாரு வந்தா?"

"மேனேஜர் காரு வளைவுல திரும்பிக்கினு கீது மே. இப்பவே எழுந்தாதான் அது வர்றதுக்குள்ள முட்டி நிமிரும். முட்டி வலி தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிச்சிடுவாங்க."

கார் வந்தபோது கம்பம் மாதிரி நின்று சல்யூட் அடித்தார். என்ன மனுஷன்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ராத்திரி சாப்பிடக் கூப்பிடப் போனால், ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டதுமே எழுந்துவிடுகிறார். இத்தனை நாளும் என்னிடமும் இப்படித்தான் மறைத்திருக்கிறார்.

நாளையிலிருந்து தட்டைச் சத்தமாக எடுத்துவைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் கூப்பிட வேண்டும்.