உன் அம்மா நடந்த கதை

கர்த்தருக்குள் பிரியமான மருமகள் குருவிக்கு,

இரண்டு கண்ணாடியும் ஒரு சுழல் நாற்காலியும் கொண்ட முடிதிருத்தும் சாம்ராஜ்யத்தின் ஏகச் சக்கரவர்த்தி, உன் தாய்மாமன் எழுதுவது. யாருமே நம்பமாட்டாத ஒரு கதையை இதில் சொல்லப்போகிறேன் என்று என் கத்தரிக்கோல் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். 'நாங்கள் இங்கே நலம்' என்று எழுத வேண்டிய இடம் இது. அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். ஏனென்று போகப்போகத் தெரியும்.

நீ போனில் கூப்பிடும்போதெல்லாம், அம்மா மாடியில் துணி காயப்போடுகிறாள் என்றேன் அல்லவா? இந்த ஒரு மாதத்தில் நான் காயப்போட்ட துணியையெல்லாம் சேர்த்துத் தைத்தால் சூரியனுக்கே உறை போடலாம். குருவி, அம்மா மாடிக்குப் போகவில்லை. வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. வாதம் அடித்த வலது பக்கம் அடித்தபடியே கிடக்கிறது. பேச்சும் பாதி வாயில்தான் வருகிறது. அவள் குரலைக் கேட்டால் உனக்குத் தெரிந்துவிடும் என்றுதான் போனை அவள் கையில் கொடுக்கவில்லை. 'அம்மா எழுந்து நடக்கிறாள், எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு' என்று உனக்கு எழுதினேனே, அது பொய்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒருவருக்கு முகச்சவரம் செய்துவிட்டு வந்தேன். மனிதர் தாடையோடு வீடு திரும்பியதே பெரிய காரியம்.

பொய் உன்னிடம் ஆரம்பிக்கவில்லை. சபையில் ஆரம்பித்தது. ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் உன் மாமனுக்கு இருக்கும் மவுசு உனக்குத் தெரியும். எனக்குப் பல்வலி தீர்ந்ததை நான் எழுந்து சொன்னால், சிங்கக் குகையிலிருந்து தப்பி வந்தவன் பேசுவதுபோல் இருக்கும். அம்மா படுத்த பிறகு ஏழு ஞாயிறு நான் வாயே திறக்கவில்லை. கஷ்ட காலத்தில் சொல்லுகிற நன்றிதான் நன்றி என்று போதகர் பிரசங்கம் பண்ணினார். எனக்கோ உள்ளே தோண்டத் தோண்ட வெறும் மண். பக்கத்து வரிசையில் இருந்த தையல்கார அக்கா, "என்ன தம்பி, ரேடியோவுல பேட்டரி தீந்துபோச்சா?" என்று கேட்டாள். அவள் கேலிக்குத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

எட்டாவது ஞாயிறு எழுந்தேன். அக்காவின் சுண்டுவிரல் அசைந்தது என்று தொடங்கினேன். சபை மொத்தமும் என் பக்கம் திரும்பியது. குருவி, அத்தனை முகம் திரும்பினால் என் நாக்குக்குக் கடிவாளம் கிடையாது. விரலுக்குப் பின் கை அசைந்தது, கைக்குப் பின் கால். எழுந்து உட்கார்ந்தாள், நின்றாள், நடந்தாள். நான் மட்டும் அன்றைக்கு உட்காராமல் இருந்திருந்தால் உன் அம்மா மதில் ஏறிக் குதித்திருப்பாள். ஜனங்கள் அழுதுகொண்டே கை தட்டினார்கள். ஒரு பொய்க்கு இரண்டு முகம் இருக்கக் கூடாதே என்று, வீட்டுக்கு வந்து அதையே உனக்கும் எழுதினேன்.

வினை அன்றே வாசலுக்கு வந்தது. மத்தியானம் நான் கடையில் இருக்கும் நேரம், தையல்கார அக்காவும் சேர்த்துச் சபைப் பெண்கள் மூன்று பேர் முறை வைத்து அம்மாவோடு இருந்தார்கள். இனி அவசியமில்லையே என்று சந்தோஷமாக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நடக்கிற அதிசயத்தைப் பார்க்க வருகிறோம் என்றவர்களிடம், ஒரு மாதம் யாரும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். சபைச் செயலாளர் வந்து, அப்படியானால் சபையின் சக்கர நாற்காலியை இடுப்பொடிந்த தபால்காரருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு எந்த வாய் இருக்கிறது? நானே துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுத் தள்ளிக்கொண்டு போனேன். அம்மாவிடம், அதைப் பழுது பார்க்கக் கொண்டுபோவதாகச் சொன்னேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு மணிக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். தண்ணீர் டம்ளரை எட்டப்போய் அம்மா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள். நான் வந்தது ஆறு மணிக்கு. தலை கட்டிலுக்கு அடியிலும் கால் வெளியிலுமாகக் கிடந்தாள். புடவை நனைந்திருந்தது. எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னார். நீ இதைப் படித்து என்னைத் திட்டப்போகிற எல்லா வார்த்தையையும் நானே ஒருமுறை திட்டிப் பார்த்துவிட்டேன். போதவில்லை.

தூக்கிப் படுக்க வைத்தபோது, "ஏன்டா இந்த வாரம் ஒருத்தரும் வரல?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். பிறகு, "நான் எதுவரைக்கும் நடந்தேன்?" என்றாள். மதில் வரைக்கும் என்றேன். பாதி வாயால் சிரித்தாள். அவள் நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கிழம என்னயும் கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

நாற்காலியைத்தான் தானம் பண்ணியாயிற்றே. முதுகில் சுமந்துகொண்டு போனேன். நடந்துவிட்டாள் என்று நான் முழங்கிய அதே சபையின் நடுவழியே, அவளை உப்பு மூட்டை தூக்கிப் போனேன். வாசலிலிருந்து முன்வரிசை முப்பது அடிதான். எனக்கு அது மூன்று நாடு தூரம்.

சாட்சி நேரத்தில் அவள் இடது கையைத் தூக்கினாள். அவள் பேச்சு யாருக்கும் புரியாது, எனக்கு மட்டும்தான் புரியும். அதனால் அவள் சொல்வதை நான் ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. வாழ்நாளில் முதல்முறையாக உன் மாமன் கூட்டாமல் குறைக்காமல் பேசினான். நான் நடக்கவில்லை என்றாள்; நான் நடக்கவில்லை என்றேன். என் தம்பி பொய் சொன்னான் என்றாள். சபையைப் பார்த்து, "என் தம்பி பொய் சொன்னான்" என்று நானே சொன்னேன்.

பிறகு நன்றி சொன்னாள். விழுந்த அன்றைக்குத் தரை குளிர்ச்சியாக இருந்தது, ஸ்தோத்திரம். போன வருஷம் தொலைத்த சீப்பு கட்டிலுக்கு அடியில் கண்ணில் பட்டது, ஸ்தோத்திரம். ஆறு மணி ஆனால் என் தம்பி எப்படியும் வந்துவிடுவான் என்று தெரிந்திருந்தது, அதற்கும் ஸ்தோத்திரம். கடைசியை நான் விழுங்கிவிட்டேன். இடது கையால் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். சொன்னேன்.

ஆராதனை முடிந்ததும் தையல்கார அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அன்று மத்தியானமே அவள்தான் முதல் ஆளாக வந்தாள். மற்ற இருவரும் வருகிறார்கள். தபால்காரர் நாற்காலியை வாரத்தில் மூன்று நாள் அனுப்புகிறார். கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் நான் மணி சொன்னாலும் ஒருமுறை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். நியாயம்தான்.

தள்ளி வைத்த வரிக்கு வந்துவிட்டேன். நாங்கள் இங்கே நலமில்லை, குருவி. உன்னை வரச்சொல்லி எழுதக் கூடாது, புது வேலையில் பிள்ளைக்குத் தொந்தரவு என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே நான் எழுதவில்லை. உன் அறையைப் பெருக்கி, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, முக்கியமாக வரத்தை.

இப்படிக்கு,
முடியிழந்த சக்கரவர்த்தி,
உன் மாமன்.

பின்குறிப்பு: ஒன்றே ஒன்று நிஜம். அந்த எட்டாவது ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வலது கைச் சுண்டுவிரல் மெல்ல மடங்கி என் விரலைப் பிடித்தது. எண்ணி மூன்று நொடி. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் அதைச் சொல்லத்தான் எழுந்தேன். இவ்வளவு சின்னதற்கா எழுந்து நின்றோம் என்று அந்த முகங்களைப் பார்த்ததும் கூச்சமாகிவிட்டது. இனி நான் சொன்னால் சபையில் ஒருவரும் நம்பமாட்டார்கள், நீயும் நம்ப வேண்டாம். வந்து உன் விரலைக் கொடுத்துப் பார்.