பத்மா அறை ஜன்னலுக்கு ஏர்கண்டிஷனர்

மே 3, 1966. செவ்வாய்.

விடியும்போதே புழுக்கம். மாதுங்கா ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரயிலில் பக்கத்தில் நின்றவரின் சட்டையும் என் முதுகோடுதான்.

ஆபீஸில் மானேஜர் அறைக்குப் புது ஏர்கண்டிஷனர். பழையது வராந்தாவில் கிடந்தது. வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன் கேட்டதில் மனுஷர் திகைத்துப் போனார். "உன் வீட்டுக்கா?" என்றார். தங்கைக்கு என்றேன். பொங்கல் சமயத்தில் ஸ்டவ் வெடித்தது, ஆஸ்பத்திரி, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தது, எல்லாம் சொன்னேன். எடுத்துப் போ என்றார். இவரைக் கஞ்சன் என்று இதே டைரியில் பல தடவை எழுதியிருக்கிறேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை, அதுவும் நிஜம்தான்.

டாக்டர் சொல்வது: பத்மாவின் கன்னம், கழுத்து, இடது கை, மூன்றிலும் புதுத் தோல். அதற்கு வியர்க்காது, சூடும் தாங்காது. அரிப்பெடுத்துத் தூக்கத்தில் சொறிகிறாள். காலையில் தலையணை உறையில் ரத்தம். "மழை வரைக்கும் எப்படியாவது குளிர்ச்சியா வெச்சுக்கோங்கோ." எப்படியாவது என்பது டாக்டர்களுக்குச் சுலபமான சொல்.

மே 5. வியாழன்.

மெஷின் டெம்போவில் வந்து இறங்கியது. நாலு பேர் தூக்கி மாடி ஏற்றினார்கள். ஏறும்போது கைப்பிடிச் சுவரில் ஒரு சிராய்ப்பு. வீட்டுக்காரர் பார்க்கவில்லை. கூடத்து நடுவில் உட்கார்ந்திருக்கிறது, பெண் பார்க்க வந்த மாமா மாதிரி. ஆத்துக்காரி கமலா அதற்குக் குங்குமம் வைத்துவிட்டாள்.

ஜன்னலை அளந்தேன். மறுபடி அளந்தேன்.

ஆபீஸ் ஜன்னலில் கண்ணாடியை மேலே தள்ளலாம். அடியில் மெஷினை வைத்துக் கண்ணாடியை அதன் தலைமேல் இறக்கினால் வேலை முடிந்தது. இங்கே:
இரும்புச் சட்டம்.
இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறப்பவை.
உள்ளே கிரில், சட்டத்தோடு சேர்த்து வெல்ட் வைத்தது.
ஒரு கதவைக் கழற்றினால் மெஷினுக்கு இடம் போதாது. இரண்டையும் கழற்றினால் மெஷினுக்கு மேலே பெரிய ஓட்டை.

இந்த மெஷினைச் செய்தவன் பம்பாய் ஜன்னலைப் பார்த்தே இருக்க மாட்டான்.

வீட்டுக்காரரிடம் போனேன். சுவரைத் தொடாதே. கிரிலில் கீழ்ப்பாதி மட்டும் அறுத்துக்கொள், காலி செய்யும்போது திரும்ப வெல்ட் வைத்துக் கொடு என்றார். இந்த மட்டும் பிழைத்தோம்.

நான் அளக்கும்போது பத்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அதுதான் அவள் இடம். இடது கதவைப் பாதி சாத்தி, அதன் பின்னால் நின்று கீழே சந்தில் போகிறவர்களைப் பார்ப்பாள். அவளுக்கு எல்லோரும் தெரிவார்கள், அவள் யாருக்கும் தெரியமாட்டாள். அறையை விட்டு வெளியே வருவது குளிக்க மட்டும். கூடத்துக்குக்கூட வருவதில்லை, பால்கனி பக்கம் கேட்கவே வேண்டாம். ஆனால் சந்துச் சமாசாரம் அத்தனையும் அவளிடம்தான். எதிர் பில்டிங்கில் யார் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார், யார் வீட்டு வேலைக்காரி நின்றுவிட்டாள். சாப்பிடும்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லுவாள். நாங்கள் சிரிப்போம்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. டீச்சர் வேலையை அவளுக்காக வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மே 7. சனி.

அரை நாள் ஆபீஸ். தாராவியிலிருந்து மெக்கானிக் செல்லையா வந்தான். ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் பார்க்கிறவன், திருநெல்வேலிக்காரன். ஆளுக்கு முன்னால் வாய் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. தாணேயில் ஒரு மருந்துக் கம்பெனி பூராவும் அவன்தான் மெஷின் மாட்டினானாம்.

"சார், இது ஜன்னலா ஜெயிலா? இம்புட்டுக் கம்பி வச்சிருக்கிய!"

நான் கட்டவில்லை என்றேன்.

"ரெண்டு கதவையும் களத்திருவோம். கீழ அரைக் கிரில்ல அறுத்துட்டு மெஷின உக்கார வச்சிருவோம். மேல பிளைவுட்ட அடிச்சு அடைச்சிரலாம்."

"கண்ணாடி போடக் கூடாதா?"

"போடலாம். மேக்க பாத்த ஜன்னலு, சாயங்கால வெயிலு நேரா உள்ள வரும். அப்புறம் குளுரலன்னு என்னையத்தான ஏசுவிய?"

உள்ளே பத்மாவிடம் கேட்டேன். ஜன்னல் போய்விடும் என்று சொன்னேன். இடது கதவைக் கையால் தடவினாள். பிறகு, "பிளைவுட்டே போடச் சொல்லு அண்ணா. கண்ணாடின்னா ராத்திரி லைட் போட்டா வெளியிலேர்ந்து தெரியும்" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் என்னால் அப்புறம் டிபன் சாப்பிட முடியவில்லை.

வாங்க வேண்டியவை: பிளைவுட், ஆங்கிள் இரும்பு, ரப்பர் பட்டை, மெஷினுக்குத் தனி ஒயர் (கனமானது), க.வுக்குக் கொத்துக்கடலை.

மே 8. ஞாயிறு.

ராகுகாலத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று க. செல்லையாவின் தலைமேலேயே நின்றாள். கிரில் அறுக்கும் சத்தத்தில் சந்து முழுக்கத் தலைகள். கதவு இரண்டும் இப்போது என் கட்டிலுக்கு அடியில், பழைய பேப்பரில் சுற்றி.

மெஷினின் பின்பாதி வெளியே சந்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. செல்லையா அதன்மேல் கையால் தட்டி, "யானையே ஏறி நின்னாலும் அசையாது" என்றான். யானை எதற்கு ஏறப்போகிறது என்று கேட்கவில்லை.

ஸ்விட்ச் போட்டோம். முதலில் ஒரு உறுமல், அப்புறம் ஜில்லென்று காற்று. க. அதன் எதிரே தலைமுடியை விரித்துக்கொண்டு நின்றாள். பத்மா கட்டிலில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக் கண்ணை மூடினாள். மதியம் படுத்தவள் விளக்கேற்றும் வரை எழுந்திருக்கவில்லை. எத்தனை நாளைக்குப் பிறகு அப்படித் தூங்குகிறாள்!

மே 10. செவ்வாய்.

தலையணையில் ரத்தம் இல்லை. டாக்டர் வந்து பார்த்துத் தலையாட்டினார். என்னையும் க.வையும் பாராட்டினார். மானேஜரை யாரும் பாராட்டவில்லை.

பால்காரன் மறுபடி தண்ணீர். கேட்டால் மாட்டைக் கேள் என்கிறான்.

சாப்பாட்டின்போது பத்மா பேசுவதில்லை. எங்களைக் கேட்கிறாள்: "அண்ணா, வெளியில வெயிலா, மேகமா?" எதிர் பில்டிங் மாப்பிள்ளை ஊருக்குப் போயாச்சா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. க.வுக்கும் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சந்தைப் பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

அறை குளிர்ந்துதான் இருக்கிறது. பகலிலும் விளக்கு எரிகிறது. உள்ளே போனால் சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்த மாதிரி கண் தெரியவில்லை.

க. ராத்திரி சொன்னது: "ஏன்னா, அவ உடம்பு தேறிடுத்து. ஆனா அவளை ஆணி அடிச்சு உள்ளே வெச்சுட்டோம்." எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

மே 12. வியாழன்.

ஆபீஸிலிருந்து வந்தால் வீட்டில் நிசப்தம். மத்தியானம் மெஷினுக்குள் கடகடவென்று சத்தம், அப்புறம் கருகல் நாற்றம், அப்புறம் ஒன்றுமில்லை. க. ஸ்விட்சை அணைத்துவிட்டாள். நல்லவேளை.

மெஷின் நின்றால் அந்த அறைக்கு வேறு காற்று கிடையாது. பத்மா ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருக்கிறாள். விசிறியால் வீசினேன். "கை வலிக்கும், போ" என்றாள். கூடத்துக்கு வா என்றேன். கூடத்தில் பால்கனிக் கதவு திறந்திருக்கிறதே என்றாள். சாத்தவா என்றதற்கு, "வேண்டாம், நீங்க ரெண்டு பேரும் வெந்து போவேள்."

மே 13. வெள்ளி.

ஆபீஸுக்கு லீவு. செல்லையா வந்து மெஷினின் வயிற்றைப் பாதி வெளியே இழுத்தான். டார்ச் அடித்துப் பார்த்தான். கையை உள்ளே விட்டு எதையோ எடுத்தான்.

"சார், இங்க வாங்க. இது என்னது?"

உள்ளங்கையில் காய்ந்த சோறு. நெய் வாசனை. கூடவே வளைந்த கம்பித் துண்டு ஒன்று.

"மெஷினு சோறு திங்குமா சார்?"

நான் சமையலறையைப் பார்த்தேன். க. வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"காக்காய்க்கு வைக்காம நாம எப்படிச் சாப்பிடறது?" என்றாள்.

"அதுக்கு மெஷினு தலையிலயா வைப்பிய?"

"எப்பவும் அந்த ஜன்னல் விளிம்புலதானே வைப்பேன். அந்த இடத்துலதான் இப்ப இது நீட்டிண்டிருக்கு. சமையல் ஜன்னல்லேர்ந்து கை எட்டறது, வெச்சேன். வேற எங்க போறது?"

நான் தினமும், "காக்காய்க்கு ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் உட்காருகிறேன். எங்கே என்று கேட்டதில்லை.

நடந்தது இது. சோறு மெஷினின் பக்கவாட்டு இடுக்கு வழியே உள்ளே விழுந்திருக்கிறது. காக்காய்கள் அதைத் தேடி மூக்கை விட்டிருக்கின்றன. இது கம்பி, குச்சி பொறுக்கிக் கூடு கட்டும் காலம், அதில் ஒன்று வாயிலிருந்த கம்பியை உள்ளே போட்டுவிட்டுச் சோற்றைக் கொத்தியிருக்கிறது. கம்பி விசிறியில் சிக்கி மோட்டார் கருகிவிட்டது. யானைக்குப் பயமில்லாத மெஷினைக் காக்காய் கவிழ்த்துவிட்டது.

"தாணேயில இத்தன மெஷினு மாட்டிருக்கேன். சாமிக்குப் படைக்கத பாத்திருக்கேன். மெஷினுக்கே படைச்சத இங்கதான் பாக்கேன்" என்று சொல்லிக்கொண்டே மோட்டாரைக் கழற்றி எடுத்துப் போனான். ஞாயிற்றுக்கிழமை சரிசெய்து கொண்டுவருவானாம்.

அவன் போனதும் க. அழுதாள். "என் கையாலேயே அவளுக்கு இப்படிப் பண்ணிட்டேனே." உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். பத்மா. விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "மன்னி, பாவம் அந்தக் காக்கா. நெய் சாதத்துக்கு ஆசைப்பட்டு என்னாச்சோ!"

மே 14. சனி.

அரை நாள். வீட்டுக்கு வரும்போது உச்சி வெயில். தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிறது.

பத்மா அறையில் கை வைக்க முடியவில்லை, சுவரே சுடுகிறது. மேற்கு வெயில் ஏறும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அறைக் கதவு திறந்தது. முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு வந்தாள், என்னைப் பார்க்கவில்லை, நேரே பால்கனிக்குப் போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடற்காற்று அப்போதுதான் கிளம்பியிருந்தது.

நான் அசையவில்லை. க. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, வாயில் கை வைத்து, உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் முந்தானை நழுவியது. துணி பட்டால் எரியும். அவள் இழுத்து மூடவில்லை. ஒரே பயம் எனக்கு, யாராவது பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லிவிடுவார்களே என்று. கீழே சைக்கிள் மணி, கறிகாய்க்காரி. யாரும் மேலே பார்க்கவில்லை. இருட்டும் வரை நின்றாள்.

மே 15. ஞாயிறு.

மேகம் கொஞ்சம். மழை இல்லை. எண்ணெய் ஸ்நானம் தள்ளிப்போடப்பட்டது.

செல்லையா மோட்டாரோடு வந்தான். மாட்டினான். மெஷின் தலைமேல் இரும்பு வலை ஒன்றும் அடித்துவிட்டான். க.வைப் பார்த்து, "இனி காக்காவுக்கு வேற எலை போடுங்கம்மா" என்றான். க.வும் சிரித்துவிட்டாள். ஸ்விட்ச் போட்டதும் பழைய உறுமல். அறை ஜில்லிட ஆரம்பித்தது. நான் கதவைச் சாத்தி வைத்தேன், குளிர்ச்சி வெளியே போகாமல்.

பத்மாவைக் கூப்பிடப் பால்கனிக்குப் போனேன். காலையிலிருந்து அங்கேதான். குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு குஜராத்தி அம்மாள் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நிற்கிறாள். அந்த அம்மாள் பார்வை பத்மாவின் கன்னத்திலேயே நின்றது.

"பஹுத் ஜல் கயா" என்றாள். நிறைய வெந்துவிட்டதே என்று. அவ்வளவுதான். அதே மூச்சில், எங்கள் மெஷின் தண்ணீர் சொட்டிச் சொட்டி அவள் வெயிலில் போட்ட அப்பளமெல்லாம் நாசம், இத்தனை நாளாக யாரிடம் சொல்வது, ஜன்னலையும் அடைத்துவிட்டீர்கள், பெரிய மனுஷத்தனம் எல்லாம் உங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சந்தே கேட்கும்படி கத்த ஆரம்பித்தாள்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பத்மா முந்திக்கொண்டாள். ஒரு வகுப்பையே அடக்கும் அந்தக் குரல். ஹிந்தியில் பிடிபிடியென்று பிடித்தாள். அப்பளம் காயப்போட்ட இடம் யாருடையது, பொது வழியா உன் வீடா, அதற்கு முதலில் பதில் சொல்.

கீழே இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எதிர் பில்டிங்கில் ஜன்னல்கள் திறந்தன. பத்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பத்மா, மெஷின் ஓடறது. அறை ஜில்லுனு ஆயிடுத்து. உள்ளே வா" என்றேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சித்த இரு அண்ணா. நான் பேசிண்டிருக்கேனோன்னோ?"