சாகாத காவலன்

அன்புள்ள அப்பாவுக்கு,

கணினியைத் தங்கைக்குக் கொடுத்துவிடப் போகிறீர்கள் என்று நேற்று அம்மா போனில் உறுதிப்படுத்தினாள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்கள் என்பதையும் அவளே சொன்னாள். நான் நலம். நீங்கள் போனுக்கு வராததால் எழுதுகிறேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு உங்கள் விரல்கள் மெதுவாகிவிட்டன. கணினியில் நீங்கள் ஆடும் அந்த வாள்சண்டை விளையாட்டில் கோட்டைக் காவலன் உங்களை ஒவ்வொரு முறையும் கொன்றுவிடுகிறான். ஆகவே ட்ரெய்னர் செய்யக் கற்றுக்கொள்கிறேன். அடிபட்டாலும் உங்கள் உயிர் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சிறு நிரல் அது. உயிரைக் காட்டும் எண்ணை இங்கே என் கணினியின் நினைவகத்தில் தேடிப் பிடித்தேன். விளையாட்டை மூடித் திறந்தால் அது வேறு இடத்துக்குக் குடிபோய்விடுகிறது. வெறுத்துப்போய், எண்ணைக் குறைக்கும் கட்டளையையே நீக்கினேன். நீங்கள் சாகவில்லை. காவலனும் சாகவில்லை. இருவர் உயிரையும் குறைக்கும் கட்டளை ஒன்றுதானாம்.

அறையில் என்னுடன் தங்கியிருக்கும் வெல்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஆயுசு குடுத்துட்டியே தம்பி. இனி காலம்பூரா அடிச்சுக்கிட்டே கிடப்பாங்க" என்றார். எரிச்சலில் கீபோர்டைக் கட்டிலில் எறிந்தேன்.

"ஏமாத்தி ஜெயிச்சு என்ன பண்ண?" என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். வாள் வீசப்போவது நீங்கள்தான் அப்பா. கை தேறும்வரை அடி மட்டும் விழாது.

விளையாட்டில் கடைசியாகச் சேமித்த கோப்பை எனக்கு அனுப்பத் தங்கையிடம் சொல்லுங்கள். விளையாடும்போது என்னை அழைத்துப் போனைப் பக்கத்தில் வையுங்கள். காவலனை நீங்கள் திட்டுவதைக் கேட்டு நாளாயிற்று. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்களையும் அவனையும் நிரலுக்குப் பிரித்துக் காட்டும் வேலைதான் பாக்கி. ஞாயிறு எனக்கு விடுமுறை; அன்று மாலை அனுப்புகிறேன். அதுவரை கணினி கூடத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் மகன்