விரத நாளில் அவித்த பட்டுக்கூடுகள்

அனுப்புபவர்: சோமசேகரம் பெண்சாதி நல்லம்மா, இணுவில்.

பெறுபவர்: பட்டுப்புழு வளர்ப்பு மேற்பார்வை உத்தியோகத்தர், விவசாயக் கந்தோர், யாழ்ப்பாணம்.

விடயம்: புழு வளர்ப்புப் பழக்கும் வேலை குணலட்சுமிக்குக் கொடுபட்டது சம்பந்தமாக.

கனம் பொருந்திய துரையவர்களுக்கு,

1. குணலட்சுமி என் கணவரின் தம்பி பெண்சாதி. ஒரே வளவில், நடுவே கிடுகு வேலி அடைத்து இருக்கிறோம். புரட்டாதியில் தாங்கள் எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு தாள் பட்டுப்புழு முட்டை தந்து, நல்ல கூடு எடுப்பவருக்கே ஊர்ப் பெண்களைப் பழக்கும் வேலை என்றீர்கள்.

2. என் புழுக்கள் நான்கு தரம் உறங்கித் தோலுரித்து, சுண்டுவிரல் பருமனாகி, இரண்டு நாள் முந்தியே கூடு கட்டின. அவருடையவை ஈர இலை தின்று பாதி செத்தன. இதற்கு ஊரே சாட்சி.

3. பத்துப் பன்னிரண்டு நாளில் கூட்டுக்குள்ளிருந்து பூச்சி வெளிவரும், அதற்குமுன் அவிக்காவிட்டால் கூடு துளைபட்டு நூல் அறும் என்று சொல்லித் தந்தீர்கள். அவிக்க வேண்டிய நாளில் கந்தசஷ்டி தொடங்கிற்று. விரதக்காரி உயிருள்ளதை அவிப்பது எப்படி? ஆறு நாளும் பொறுத்தேன். பாரணை முடித்துப் பார்த்தபோது கூடுகள் போட்டிருந்த ஓலைக் கடகம் நிறைய வெள்ளைப் பூச்சிகள். ஒரு கூடும் மிஞ்சவில்லை.

4. குணலட்சுமியும் விரதந்தான். அவரோ கூடுகளைப் பாய் விற்க வரும் குருநகர் யசிந்தாவிடம் கொடுத்து அவிப்பித்தார். கிறிஸ்து வேதக்காரப் பிள்ளைக்குச் சஷ்டி இல்லை, அவரில் குற்றமுமில்லை. பானையும் விறகும் குணலட்சுமியுடையவை. பிறகு வேலிக்கு மேலால், "அக்கா, புழுவைப் பாத்தனீங்கள், விரத நாளைப் பாக்கேல்லையே" என்றார். அன்று நான் சாப்பிடவில்லை.

5. எனக்கு எரிச்சல் என்று ஊர் கதைக்கிறது. ஓம், எரிச்சல்தான். கந்தோர்ச் சைக்கிள் அவர் வாசல் படலையில் நிற்கக் கண்டால் வேலி இடுக்கால் பார்த்தபடியே நிற்கிறேன். பழக வரும் பெண்கள் அவரை இப்போது ரீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். அந்த வேலையை எனக்கு மாற்றித் தரவேண்டுமென்றே இம்மனுவை எழுதத் தொடங்கினேன்.

6. எழுதும்போது கடகத்தை எட்டிப் பார்த்தேன். பூச்சிகள் இட்ட முட்டைகள் கறுக்கத் தொடங்கிவிட்டன. திங்களுக்குள் ஆயிரக்கணக்கில் பொரித்துவிடும். புழு தின்னும் முசுக்கட்டை இலை என்னிடம் இல்லை. என் செடிகளை முந்தின புழுக்களே மொட்டையாக்கிவிட்டன. தளிர் நிற்பது குணலட்சுமியின் கிணற்றடியில் மாத்திரம். பொரித்த அன்றே இலை கிடையாவிட்டால் குஞ்சுகள் செத்துப்போகும். நான் அவரிடம் போய்க் கேட்கமாட்டேன்.

ஆகையால் வேலை அவரிடமே இருக்கட்டும். துரையவர்கள் ஞாயிறுக்கு முந்தி இங்கே வந்து, அவரிடம் ஒரு கடகம் தளிர் இலை வாங்கித் தந்து உதவவேண்டும். கேட்டது நான் என்று மாத்திரம் அவருக்குத் தெரியவேண்டாம்.

தங்கள் தயவை நம்பியிருக்கும்,
சோ. நல்லம்மா

இணுவில்,
26-11-1936