முருங்கையடிச் சாம்பல்

இன்று காலை ஆய்வகத்தில் மாதிரிகளைக் கரைக்கும் ஹெக்சேன் புட்டியைத் திறந்தேன். அந்தப் பெட்ரோல் வாடை எழுந்ததும் உன்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அங்கே இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

நெய்வேலியைச் சுற்றி மண்ணிலும் இலையிலும் அனல்மின் நிலையப் புகையின் நச்சு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளப்பதுதான் நம் இருவர் வேலை. நீ ஸ்கூட்டி ஓட்ட, மண் பைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்காருவேன். ஒருநாள் காடாம்புலியூரில் உன் மாமியார் வீட்டிலும் மண்ணும் இலையும் எடுத்தோம். 'தானே' புயலில் பலா சாய்ந்த இடத்தில் அவர் நட்டு வளர்த்த முருங்கை. "கீரைக்கு என்னா ஜுரமா, டெஸ்டு எடுத்துக்கினு போறீங்க?" என்று சிரித்தார். மதியம் நமக்கு அந்தக் கீரைதான் பொரியல்; உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் வருஷக்கணக்காக அதுதான்.

எல்லா மாதிரிகளிலும் அதுதான் மோசமாக இருந்தது. அனல்மின் நிலையமோ அங்கிருந்து வெகு தூரம். புதிதாக மண் எடுக்கப் போனபோதுதான் கொல்லையில் வெந்நீர் அடுப்பைப் பார்த்தாய். விறகோடு பழைய டயர் துண்டுகள் எரிந்துகொண்டிருந்தன. அந்தச் சாம்பலைத்தான் உரமென்று மரத்தடியில் கொட்டி வந்திருக்கிறார்.

"சொல்லணுமா?" என்றேன்.

"பசங்க சாப்பிடுறாங்கடி."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் சொன்னாய். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. "அப்ப என் கையாலயே வெசம் போட்டுக்கினு இருந்தேனா?" அன்றே மரத்தை வெட்டச் சொல்லிவிட்டார்.

மறு வருடம் உன் ரத்தத்தில் புற்றுநோய் கண்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உன் தலைமாட்டில் எவ்வளவோ நேரம் இருந்தேன். முருங்கையைப் பற்றி நீ வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் காரியத்தன்று உன் மாமியார் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். "படிச்ச பொண்ணு நீ, மறைக்காம சொல்லு. அந்தக் கீரையா?"

மண்ணில் இருப்பதை அளக்கத் தெரியும் எனக்கு. உன் உடம்புக்குள் எது என்ன செய்தது என்று சொல்ல நம்மிடம் எந்தக் கருவியும் இல்லை. ஆனாலும், "அதனால இல்லம்மா" என்றேன்.

"சத்தியமா?" என்று உள்ளங்கையை நீட்டினார். அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் அவர் கொஞ்சம் சோறு சாப்பிட்டார் என்று உன் கணவர் போனில் சொன்னார். நல்லதுதானே? உன்னிடம்தான் கேட்கிறேன். அந்த உள்ளங்கையின் சூடு என் கையை விட்டு இன்னும் போகவில்லை.