இனி அனுப்ப மாட்டோம்

மார்ச் 4

மருந்துக் கம்பெனிகளுக்காக டாக்டர்களுக்குத் தபால் அனுப்புகிற வேலைதானே, இதில் என்ன அலுப்பு என்கிறார் இவர். ‘அனுப்பாதே’ என்பவர்களின் பெயரை நீக்குவது என் பங்கு. வந்து விழுவதெல்லாம் வசவு. இன்று ஒரு டாக்டர் எங்கள் உறையிலேயே எழுதித் திருப்பியிருந்தார்: ‘இன்னொன்று வந்தால் இந்த மாத்திரையை உங்களுக்கே எழுதித் தருவேன்.’ வாய்விட்டுச் சிரித்தேன்.

மார்ச் 11

ஒரு குழந்தை மருத்துவர் போனில் கூப்பிட்டார். கணவனை விட்டு வந்து வேறு ஊர் கிளினிக்கில் சேர்ந்திருக்கிறாராம். எங்கள் தபால் பழைய வீட்டுக்கும் போகிறது, புது கிளினிக்குக்கும் வருகிறது. இரண்டையும் நிறுத்தச் சொன்னார்.

“நான் எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா விடமாட்டார்.”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உடனே நீக்கினேன். ‘ரகசியம்’ என்று குறிப்பும் போட்டேன்.

மார்ச் 12

மழை. ஒரு துணியும் காயவில்லை.

மார்ச் 19

எழுத வரவில்லை. பெயரை நீக்கினால் கணினி தானாகவே ஓர் உறுதிக் கடிதம் அனுப்பும். அது தெரியும். அதில் என்ன அச்சாகிறது என்று ஒருநாளாவது பிரித்துப் பார்த்தேனா? ‘கீழ்க்கண்ட முகவரிகளுக்கு இனி அனுப்ப மாட்டோம்.’ கீழே இரண்டு முகவரியும். கடிதம் போய்ச் சேர்ந்தது பழைய வீட்டுக்கு.

கிளினிக் நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னாள். காத்திருந்த குழந்தைகள் எதிரிலேயே — கையில் எங்கள் கடிதத்தோடு வந்தானாம் அந்தக் கணவன். டாக்டருக்கு மணிக்கட்டு முறிந்திருக்கிறது.

மார்ச் 20

மேலாளரிடம் போய் நின்றேன். விதிப்படி உறுதிக் கடிதம் போயே ஆக வேண்டும், நீ உன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறாய் என்றார். முகவரியை மட்டும் எடுத்துவிடலாமே என்றேன். பார்க்கலாம் என்றார்.

சரியாகத்தான்!

இவரிடம் சொன்னேன். “நீ வேணும்னா செஞ்சே?” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வேணும்னு செஞ்சிருந்தா திட்டறதுக்காவது ஒரு ஆள் இருந்திருக்கும்.

ஏப்ரல் 2

ஓர் உறுதிக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். முகவரி இன்னும் அச்சாகிறது.

ஏப்ரல் 17

உறுதிக் கடிதங்களைத் தபாலில் சேர்வதற்குமுன் நானே உருவிக் கிழிக்கிறேன். மேலாளர் கேட்டால் கேட்கட்டும். இப்போது கிழித்து அவருக்கு என்ன பயன்?

மே 6

விலைக்கு வாங்கிய புதுப் பட்டியல் வந்தது. அதில் அந்தக் குழந்தை மருத்துவரின் பெயர். மூன்றாவதாக ஒரு முகவரி, வேறு ஊர்.

பட்டியல் விற்பவனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் பொறுமையாகவே பேசினான். மருத்துவர் பதிவேட்டிலிருந்துதான் எல்லாரும் எடுக்கிறார்களாம். தொழில் பார்க்கிற வரை முகவரி அதில் இருந்தே தீருமாம்.

மனசு கேட்காமல் டாக்டரின் போனுக்கே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

“அப்ப நான் எங்க போனாலும் வரும்.”

ஆமாம் என்றேன்.

ஜூன் 23

இன்று அவரே கூப்பிட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை. ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாராம். எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. மன்னிச்சிடுங்க டாக்டர் என்று ஆரம்பித்தேன்.

“டாக்டர்னு கூப்பிடாதீங்க. பதிவைத் திருப்பிக் கொடுத்துட்டேன். இப்பத் தேடிப் பாருங்களேன், வருதான்னு.”

இந்த மாதப் பட்டியலில் தேடினேன். இல்லை என்றேன்.

“அப்பாடா” என்றார்.