இரண்டெழுத்து மாதம்

30 மே, காலை 7.10

நிலவின் மறுபக்கம், கருநிழல் நிலையம். பணியில்: பிரம்மசக்தி, பராமரிப்புப் பொறியாளர். ஆள் எண்ணிக்கை ஒன்று. காற்றழுத்தம் சரி. உயிர்வளி தொண்ணூறு நாளுக்கு இருக்கிறது. இங்கிருந்து பூமி தெரியாது. செய்திக் கோள் தினமும் காலையில் ஒரு முறை தலைக்கு மேல் கடக்கும். அந்த இருபது நிமிடத்தில் பூமியிலுள்ள தரை நிலையத்தோடு எழுத்தில் பேசிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

தரையிலிருந்து ஒரு மென்பொருள் வந்து ஏறியிருக்கிறது. பெயர் 'நேரச்சொல்'. கணினிக்குள் வெறும் எண்ணாக ஓடும் நேரத்தை மனிதர் படிக்கும் எழுத்தாக்குவது அதன் வேலை. குறிப்பேட்டில் தலைப்பை மட்டும் அது போடும். செய்தி என்றால் உள்ளேயும் நுழைந்து தேதிகளை 'ஒழுங்குபடுத்தும்'. இதுவரை 05 என்று வந்த இடத்தில் இன்று மே என்று வந்திருக்கிறது. 05-க்கு என்ன குறைச்சல் என்று தெரியவில்லை.

1 ஜூ, காலை 7.05

மேலே தேதியில் இருக்கும் அலங்கோலத்தை நான் எழுதவில்லை. அது எழுதியது.

நிரலைத் திறந்து பார்த்தேன். பழைய 05, 06 இரண்டு கட்டத்தில் அடங்கியது. அந்த இரண்டு கட்டத்துக்குள்ளேயே மாதப் பெயரைத் திணித்திருக்கிறார்கள். சரி, ஜூன் இரண்டு எழுத்துதானே? நமக்கு இரண்டு. இதை எழுதிய புண்ணியவானுக்கு 'ஜ' ஒன்று, அதன் ஊகாரக் குறி இன்னொன்று. கணக்கு முடிந்தது, வெட்டு. ஜூலைக்கும் அதே வெட்டு. பிப்ரவரி 'பி' என்று வருகிறது. பார்க்கவே குமட்டுகிறது. தமிழில் ஒரு வரி படித்த எவனாவது இதை ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

2 ஜூ, காலை 6.50

இரண்டாம் உயிர்வளித் தொட்டியின் அடைப்பிதழில் விரிசல் விழுந்துவிட்டது. கவனிப்பதற்குள் பெரும்பகுதி வெளியேறிப் போனது. அடைத்தாயிற்று. மீதி இருபத்து மூன்று நாள். 'ஜூன் 25 வரைதான் காற்று, மீட்புக் கலம் தேவை' என்று தரைக்கு அனுப்பினேன்.

3 ஜூ, காலை 6.58

தரையில் என் தொடர்பாளன் ஆறுமுகநயினார். தூத்துக்குடிப் பையன், பேசுகிற மாதிரியே எழுதுவான்.

'பயப்படாதீங்க அக்கா. ஆளில்லாக் கலம் வருது. 12 ஜூ காலைல நிலையத்துல எறங்கும். ஆறு மணி நேரம் நிக்கும். ஏறிருங்க.'

எந்த ஜூ?

ஜூன் என்றால் நான் இங்கேயே இருக்க வேண்டும். ஜூலை என்றால் அதற்குள் காற்று தீர்ந்துவிடும். நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பழைய ஆய்வுக் கூடத்துக்குப் போயாக வேண்டும். அங்கே இரண்டு மாதக் காற்று இருக்கிறது. கலம் இறங்க இடமில்லை. வண்டி வெயிலில் மட்டும் ஓடும். ஆறாம் தேதி மாலை இங்கே சூரியன் மறைகிறது, இந்த மலைகளுக்கு நடுவே மறுபடி வெயில் விழ மூன்று வாரம். தப்பான ஜூவை நம்பினால் செத்தேன். இந்தக் கலத்தை விட்டால் அடுத்தது வர ஒரு வருடம் ஆகும்.

'ஜூனா, ஜூலையா?' என்று கேட்டிருக்கிறேன்.

4 ஜூ, காலை 7.02

'என்னக்கா இது? ஜூவா, ஜூவான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ஜூதான்.'

சிரிப்பு வந்தது, அப்புறம் அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. 'ஆறாம் மாதமா' என்று அடித்துப் பார்த்தேன், 'ஜூவா' என்று மாற்றியது. 'இன்னும் எட்டு நாளா' என்று அடித்தேன், தானே கூட்டிப் பார்த்து '12 ஜூவா' என்றது. எச்சில் பண்டத்தைத் தொடுவதுபோல் இருக்கிறது விசைப்பலகை.

கடைசியில் ஒன்று தோன்றியது. அந்த மேதாவிகளுக்கு இங்கிலீஷ் மாதம் பன்னிரண்டும்தான் தெரியும். 'அன்றைக்கு வைகாசியா, ஆனியா?' என்று அடித்தேன். தொடாமல் விட்டது. அனுப்பிவிட்டேன்.

5 ஜூ, காலை 7.09

'தினசரிக் காலண்டரப் பாத்துட்டு வாரேன் அக்கா.' பத்து நிமிடம் கழித்து: 'ஆனி 28. அதுக்கென்ன இப்போ? 25 ஜூ வரைக்கும் காத்து இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்கு முன்னாடியே வாரோம்லா.'

ஜூலை. என் ஜூன் 25 அவர்களிடம் ஜூலை 25 ஆகியிருக்கிறது. ஒரு மாதம் மிச்சம் இருப்பதாக நினைத்து நிதானமாகக் கலத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

'காற்று ஆனி 11 வரைதான்' என்று அனுப்பினேன். வண்டியைத் தயார் செய்கிறேன்.

6 ஜூ, காலை 7.14

'அக்கா, எல்லாம் தெரிஞ்சிட்டு. மன்னிச்சிருங்க. எங்கேயும் போவாதீங்க. முன்னாடியே அனுப்புதோம். 8 ஜூ காலைல எறங்கும். நீங்க வைகாசி, ஆனின்னு எழுதினதப் பாத்து தமிழ் மாசத்தையும் நேரச்சொல்லுக்குப் படிச்சிக் குடுத்துட்டாங்க. இப்போ சந்தோஷமா?'

த்தூ.

அவன் வைகாசி 25 என்று அடித்தானோ, ஆனி 24 என்று அடித்தானோ, எனக்கு வந்தது 8 ஜூ. ஜூலை எட்டும் ஜூலை பன்னிரண்டுக்கு 'முன்னாடி'தான். இருந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டு, சந்தோஷமா என்று கேட்கிறான்.

யோசித்தேன். பூமியிலிருந்து இங்கே வர நாலு நாள் ஆகும். இரண்டே நாளில் கொண்டுவந்து நிறுத்தும் ஆட்களா இவர்கள்? ஒரு மாதப் பெயரை முழுதாக எழுதத் துப்பில்லாதவர்கள். நாலு நாள் முன்னால் தள்ளிவிட்டு நாலு கூட்டம் போட்டிருப்பார்கள். ஜூலை எட்டுதான். இவர்கள்மேல் எனக்கிருக்கும் வெறுப்பைத்தான் இப்போது நம்ப முடிகிறது.

கோள் மறைய ஒரு நிமிடம் இருந்தது. 'பழைய கூடத்துக்குப் போகிறேன், ஆனி 24-க்குள் நிலையம் திரும்பிவிடுவேன்' என்று அடித்து, திரும்பிப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். கிளம்புகிறேன்.

7 ஜூ, காலை 9.30

கூடம். காற்று இருக்கிறது. இங்கே செய்தி வாங்கும் கருவி மட்டும்தான் உண்டு, அனுப்பும் கருவி கிடையாது. வெளியே நல்ல இருட்டு. வண்டி நேற்று வாசலுக்கு வந்ததோடு நின்றுவிட்டது. நிம்மதியாகத் தூங்கினேன்.

8 ஜூ, காலை 10.20

வடக்கே வானத்தில் ஒரு ஒளி. நட்சத்திரம் அல்ல. இறங்குகிறது.

8 ஜூ, காலை 10.55

'அக்கா, கலம் எறங்கிட்டு. மேல சுத்திக்கிட்டு இருந்த சரக்குக் கலத்தத் திருப்பி விட்டோம். அதுல இருந்த செய்திக் கோள மேலயே விட்டிருக்கோம், இனி எந்நேரமும் பேசலாம். ரெண்டு ராத்திரி யாரும் தூங்கல. 8 ஜூக்குள்ள திரும்பிருவேன்னு சொன்னீங்கள்லா, அதான் நம்பி எறக்கினோம். கதவு தொறந்து கெடக்கு. வாங்க.'

ஆனி 24 என்று அடித்தேன். அது என்னவாகப் போனது என்று பார்க்கவில்லை. தமிழ் மாதமும் அதற்குத் தெரியும் என்று அவன் சொன்ன பிறகும் பார்க்கவில்லை.

வண்டியை உதைத்தேன். மின்கலம் காலி. கவசத்தோடு நடந்தால் ஐந்து மணி நேரக் காற்று. தூரம் நூற்று நாற்பது.

8 ஜூ, பகல் 2.15

அந்தக் கோள் வழியாக அவன் விடாமல் அனுப்புகிறான். 'எங்க இருக்கீங்க? வழியிலயா?' 'கொஞ்சம் வெரசா வாங்க அக்கா.' அவர்களால் முடியாது என்று நினைத்தேன். தூங்காமல் செய்திருக்கிறார்கள். நேற்றுவரை அவர்கள்மேல் இருந்த அருவருப்பு இப்போது முழுக்க என்மேல்

8 ஜூ, மாலை 4.52

ஒளி மேலே ஏறுகிறது.

'கதவு மூடிட்டு அக்கா. எடை ஏறினதாக் காட்டவே இல்ல, மானிதான் பழுதா இருக்கும். உள்ளதான இருக்கீங்க? ஒரு வார்த்த சொல்லுங்க. எல்லாரும் கை தட்டக் காத்துக்கிட்டு நிக்காங்க.'